விசாரணையின்றித் தீர்ப்பா?
தீவகத்துப் பிள்ளைகளும் உளவியற் சோதனையும்

ஊர்காவற்றுறை நீதிமன்றத்திலே ஆடு திருடியவன் என்று ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அவனுக்கு விளங்கும் மொழியிலே குற்றப்பத்திரிகை வாசிக்கப்படவேண்டும். சாட்சிகள் விசாரிக்கப்படவேண்டும். அவன் பக்கத்து நியாயமும் கேட்கப்படவேண்டும். அதன் பின்னரே அவன் குற்றவாளியா சுற்றவாளியா என்று நீதவான் கூறலாம். அத்தீர்ப்பும் பிழையெனக் கண்டால் மேன்முறையீட்டுக்கு வழி உண்டு. ஆடு திருடியவனுக்கு இத்தனை பாதுகாப்பு!

அந்த நீதிமன்றத்திலிருந்து கூப்பிடு தொலைவிலே ஒரு வகுப்பறை. எழுத்துக்கூட்டி வாசிக்க இயலாத எட்டு வயதுப் பாலகன் ஒருவன் அங்கே எழுந்து நிற்கிறான். இவனுக்கு விசாரணை உண்டா? சாட்சி உண்டா? மேன்முறையீடு உண்டா? "மொக்கு" என்ற ஒரே சொல்லிலே தீர்ப்பு முடிந்துவிடுகிறது. பின்வாங்கு அவனுக்குச் சிறை. பிரம்பு அவனுக்குத் தண்டனை. பள்ளியை விட்டு அவன் தானாகவே ஓடிப்போவது விடுதலை. இந்த அநீதியைப் பற்றியே இன்று எழுதத் துணிந்தேன்.

சட்டத்தரணி ஒருவனுக்குப் பள்ளிக்கூட விடயத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். வேலையைத் தேடி நான் போகவில்லை. அதுவே என்னைத் தேடி வந்தது. சில மாதங்களுக்கு முன் நெடுந்தீவுக் கடற்றொழிலாளி ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். காணி வழக்குமன்று, வலை வழக்குமன்று. நாலாக மடித்த கடதாசி ஒன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ஐயா, இதிலை என்ன எழுதியிருக்கெண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ. பள்ளிக்கூடத்திலை கேட்டால், உங்கடை பொடியனுக்கு மூளை காணாதாம் எண்டு சொல்லுகினம்."

வாசித்தேன். முழுவதும் ஆங்கிலம். ஒன்பது வயதுப் பிள்ளை, ஒரே அமர்வு, முடிவிலே ஓர் இலக்கம்: 66. அதன் கீழே, சாதாரண வகுப்புக்கு ஏற்றவனல்லன் என்ற ஒரு வரி. சோதித்தவருக்குத் தமிழ் தெரியாதென்றும், கூட வந்த ஒருவரே கேள்விகளைத் தமிழாக்கிச் சொன்னாரென்றும் தகப்பன் கூறினார். அன்று பிள்ளை விடியுமுன் எழுந்து படகேறி, சோழகக் காற்றிலே வழிநெடுக வாந்தியெடுத்து, குறிகட்டுவானில் இறங்கி, பேருந்திலே பட்டணம் போய்ச் சேர்ந்தான் என்பதும் கடதாசியில் இல்லை. அவன் காது சரியாகக் கேட்கிறதா, கண் சரியாகத் தெரிகிறதா என்று எவரேனும் பார்த்தனரா என்பதும் அதில் இல்லை.

பையன் வாசற்படியில் நின்றான். பத்திரிகைத் தலைப்பொன்றைக் காட்டி வாசிக்கச் சொன்னேன். "கொக்குவில்" என்ற சொல்லுக்கு முன்னே அவன் பட்ட பாட்டைக் கண்டு என் நெஞ்சு இறுகிற்று. இடப்பக்கத்துக் கொம்பைக் கண்டதும் "கெ" என்றான், பின் தடுமாறி "கா" என்றான், வியர்த்துப்போய் நிறுத்திவிட்டான். படகைப் பற்றிக் கேட்டேன். வெளியிணைப்பு இயந்திரத்தை எப்படிக் கழற்றிப் பூட்டுவது, எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கத்தில் வலை விடுவது, மீன் விற்ற பணத்தை நாலு பங்காக்கினால் ஆளுக்கு எவ்வளவு என்றெல்லாம் தங்குதடையின்றிச் சொன்னான். நான் வைத்தியனுமல்லன், உளவியலாளனுமல்லன்; அவனுக்கு இருப்பது இன்னதென்று கூற எனக்கு அருகதை இல்லை. ஆனால் சாட்சியத்தை நிறுத்துப் பார்ப்பது என் தொழில். இந்தச் சாட்சியத்தைக் கொண்டு "மூளை காணாது" என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பளிக்காது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

"பள்ளிக்கூடத்தாலை மறிக்கப் போகினம் போலை. இவனை இனிக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போகட்டோ ஐயா?" என்று தகப்பன் கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை சொல்லவேண்டியவர் யார்?

அடியாத மாடும் படியாத பிள்ளையும்

முதலில் நம் வீட்டுக் குற்றத்தைப் பார்ப்போம். "அடியாத மாடு படியாது" என்று சொல்லிச் சொல்லியே எத்தனை பிள்ளைகளை மாடாக்கினோம்! வாசிக்கத் தெரியாவிடில் சோம்பல். ஓரிடத்தில் இருக்கமாட்டாவிடில் குழப்படி. சொன்னதை மறந்தால் திமிர். இந்த மூன்று நோய்க்கும் நாம் கண்ட ஒரே மருந்து பிரம்பு.

அறிவியல் சொல்வது வேறு. 1896ஆம் ஆண்டிலேயே பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கில வைத்தியர், கணக்கிலும் பேச்சிலும் கெட்டிக்காரனாயிருந்தும் எழுத்தை மட்டும் படிக்கமுடியாத 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ ஏட்டில் எழுதினார். இன்று டிஸ்லெக்சியா என்று வழங்கும் வாசிப்புக் குறைபாடு அதுவே. 1902இல் ஜோர்ஜ் ஸ்டில் என்ற குழந்தை வைத்தியர், புத்தி குறையாதிருந்தும் மனத்தை ஒன்றிலே நிறுத்தவும் தம்மை அடக்கவும் இயலாத பிள்ளைகளைப் பற்றி லண்டனில் விரிவுரையாற்றினார். இன்று கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு எனப்படுவதன் பழைய வரலாறுகளுள் அதுவும் ஒன்று. உலகநாடுகள் பலவற்றின் ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வெளிவந்த கணிப்பு, இக்கோளாறு 100 பிள்ளைகளில் ஏறத்தாழ 5 பேருக்கு உண்டென்றது. அப்படியெனில் 40 பேர் கொண்ட வகுப்பிலே இருவர். அந்த இருவரும் உங்கள் வகுப்பில் யார், ஆசிரியரே?

மேசைமேல் ஏறிக் குதிப்பவன் ஒருவன் கண்ணில் படுவான். ஆனால் யன்னலோரத்திலே வாய்திறவாது வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்பிள்ளை யார் கண்ணில் படுவாள்? அவளுக்கும் அதே கோளாறு இருக்கலாம். சத்தம் போடாததனால் அவளுக்கு அடியில்லை; அடியில்லாததனால் எவரும் அவளை நினைப்பதுமில்லை. பரீட்சைப் பெறுபேறு வரும்போதுதான் வீடு விழித்துக்கொள்கிறது. அப்போது பொழுது சாய்ந்துவிடுகிறது.

பிரம்பு சட்டத்துக்கும் விரோதமானது. உடற்றண்டனையைத் தடுத்துக் கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கை விட்டது. ஆசிரியர் அறைந்ததனால் செவிப்புலன் கெட்ட மாத்தறை மாவட்டத்து மாணவன் ஒருவனின் வழக்கிலே, உயர் நீதிமன்றம் 2021 பெப்ரவரியில் தீர்ப்பளித்தது. கொடூரமான, இழிவான நடத்தைக்கு ஆளாகாதிருக்கும் உரிமையைத் தரும் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையும், சமத்துவத்தைத் தரும் 12(1)ஆம் உறுப்புரையும் மீறப்பட்டன என்றது அத்தீர்ப்பு. இதனை ஒவ்வொரு ஆசிரியர் அறையிலும் எழுதி ஒட்டவேண்டும்.

அளவுகோல் யாருடையது?

பிரம்பை எறிந்துவிட்டுச் சோதனைக்குப் போகலாம் என்றால், அங்கே வேறொரு அநீதி காத்திருக்கிறது.

நுண்ணறிவுச் சோதனை என்பது எப்படிப் பிறந்தது? சாதாரண வகுப்பிலே பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டறிந்து உதவும் வழியை ஆராயப் பிரெஞ்சு அரசாங்கம் 1904இல் ஒரு குழுவை அமைத்தது. அக்குழுவிலிருந்த அல்பிரட் பினே, சிமோன் என்பவருடன் சேர்ந்து 1905இல் முதற் சோதனையை வெளியிட்டார். யாருக்கு உதவி வேண்டும் என்று அறிவதே அவர் நோக்கம். அறிவு ஒருவனுக்குப் பிறப்பிலே அளந்து போடப்பட்டது, அது கூடாது குறையாது என்று பேசியோரை அவர் வன்மையாகக் கண்டித்தார். 1911இல் அவர் காலமானார். பின் வந்தோர் அவருடைய கருவியை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டனர். உதவிக்காகத் திறந்த கதவு, பலரை வெளியே தள்ளும் கதவாயிற்று.

அந்தக் கருவி நம் பக்கம் வந்த கதையையும் கேளுங்கள். 1930களில் வி. வி. காமத் என்ற அறிஞர் தார்வாரிலே கன்னட, மராத்திப் பிள்ளைகளைக் கொண்டு பினே சோதனையைத் திருத்தியமைத்தார். அமெரிக்காவில் 1949இல் வெளிவந்த வெக்ஸ்லர் சோதனையைத் தழுவி மாலின் என்பவர் நாகபுரியில் இந்தியப் பிள்ளைகளுக்கென ஒரு சோதனை ஆக்கினார். அவர்கள் தம் நாட்டுப் பிள்ளைகளுக்குத் தாமே அளவுகோல் செய்தமை பாராட்டுக்குரியது. ஆனால் தார்வாரிலும் நாகபுரியிலும் நியூயோர்க்கிலும் வெட்டிய கோலைக் கொண்டு நெடுந்தீவுப் பிள்ளையை அளந்தால் வருவது அவன் அளவா, கோலின் அளவா? புகைவண்டியைக் கண்ணாற் கண்டிராத பிள்ளையிடம் புகைவண்டியைப் பற்றிக் கேட்டு, விடை தெரியாதென்றால் புத்தி குறைவு என்பதா? சோழகம், வாடை, கச்சான், கொண்டல் என்று காற்றுகளைப் பிரித்தறிவதற்கு அந்தக் கோலிலே ஒரு புள்ளியேனும் உண்டா?

மொழி என்னும் பெரிய வழக்கு இன்னும் இருக்கிறது. ஆங்கிலத்திலே எழுத்தொன்று ஒலியொன்று. ஆகவே ஆங்கிலப் பிள்ளையின் வாசிப்புக் குறை பிழைகளாகக் கொட்டும். எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் ஒத்துப்போகும் இத்தாலியம், ஜெர்மன் முதலிய மொழிகளில் இக்குறையுள்ள பிள்ளை பிழையின்றி வாசித்துவிடலாம். ஆனால் ஆமைபோல் வாசிப்பான். அங்கே குறையைக் காட்டுவது பிழையின் தொகையிலும் பார்க்க வாசிப்பின் வேகமே என்று ஆராய்ந்தோர் கண்டனர்.

நம் தமிழிலோ இருவகைச் சிக்கலும் உண்டு. எழுத்து ஒழுங்கானது, ஆனால் 247. "கெ", "கே", "கை" என்பவற்றில் மெய்யின் பின்னே ஒலிக்கும் உயிருக்குக் குறி மெய்யின் முன்னே நிற்கிறது. "கொ", "கோ" என்பவற்றில் இரு பக்கமும் நிற்கிறது. ணகர நகர னகரங்களும், லகர ளகர ழகரங்களும், ரகர றகரங்களும் பெரியோரையே தடுமாற வைக்கின்றன. வீட்டிலே "இருக்கிறியள்" என்று பேசும் பிள்ளை புத்தகத்திலே "இருக்கின்றீர்கள்" என்று படிக்கவேண்டும். இவற்றையெல்லாம் அறியாத ஆங்கிலச் சோதனையைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் அது தமிழ்ச் சோதனை ஆகிவிடுமா? கன்றைத் தோலுரித்து வைக்கோல் திணித்தால் பசு ஏமாறலாம். பால் குடிக்க அது கன்றாகுமா?

இவ்வழக்கு உலகத்திலே முன்னரே பேசித் தீர்க்கப்பட்டதொன்று. அமெரிக்காவின் கலிபோர்னியாவிலே, சொலடாட் என்னும் ஊரில், ஸ்பானிய மொழி பேசும் மெக்சிக்கப் பண்ணைத் தொழிலாளரின் பிள்ளைகளை ஆங்கிலத்திற் சோதித்து மந்தபுத்தி வகுப்பிலே போட்டுவிட்டனர். ஒன்பது பிள்ளைகளின் பேரிலே வழக்கு எழுந்தது. அவர்கள் மொழியிலே மறுபடி சோதித்தபோது, மந்தபுத்தி எனப்பட்டவர்களிற் பெரும்பாலார் அந்த எல்லைக்கு மேலே நின்றார்கள்! 1970இல் அரசாங்கம் இணங்கிவந்தது: இனிப் பிள்ளையின் தாய்மொழியிலும் சோதிக்கப்படும் என்றது. 1975இல் அந்நாட்டுச் சட்டமே இரண்டு விதிகளை எழுதிற்று. சோதனை பிள்ளையின் சொந்த மொழியில் நடக்கவேண்டும். தனியொரு சோதனையை மட்டும் வைத்துக்கொண்டு பிள்ளையின் இடத்தை முடிவுசெய்யக்கூடாது. தோட்டத்திலே கூலிவேலை செய்த ஏழைகள் நீதிமன்றத்திலே பெற்றுக்கொண்ட நீதி இது. நமக்கு என்ன குறை?

"தரப்படுத்தல்" என்ற சொல்லைக் கேட்டால் யாழ்ப்பாணத்திலே இன்னும் இரத்தம் கொதிக்கும். 1970களின் தொடக்கத்திலே பல்கலைக்கழக வாசலில் தமிழ் மாணவனுக்கு ஒரு வெட்டுப்புள்ளி, சிங்கள மாணவனுக்கு வேறு வெட்டுப்புள்ளி என்று வைத்தார்கள். இருவேறு மொழியில் எழுதிய பரீட்சைகளை ஒரே கோலால் அளக்கமுடியாது என்பதே பின்னர் அவர்கள் சொன்ன நியாயம். நல்லது, அந்த நியாயத்தையே நாம் இன்று அவர்களிடம் திருப்பிக் கேட்போம். நம் பிள்ளையைக் கீழே தள்ளுவதற்கு மொழிக்கேற்ற கோல் வேண்டுமென்றால், அவனைத் தூக்கிவிடுவதற்கு அந்தக் கோல் ஏன் வேண்டாம்? நாம் வெறுத்த அந்தச் சொல்லையே இந்த ஒரு விடயத்தில் நாம் கோரிக்கையாக்குகிறோம்: ஈழத்தமிழ்ப் பிள்ளைகளைக் கொண்டு, ஈழத்தமிழிலே தரப்படுத்திய சோதனை வேண்டும்!

சட்டம் எங்கே நிற்கிறது?

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வலுவிழந்தோர் உரிமைகளைக் காப்பதற்கென்று இயற்றப்பட்டது. வலுவிழப்பைக் காரணங்காட்டி எந்தக் கல்வி நிறுவனத்திலும் அனுமதி மறுத்தலாகாது என்று அதன் 23ஆம் பிரிவு கூறிற்று. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் சட்டத்திலே வரைவிலக்கணந்தான் உயிர். யாரை வலுவிழந்தவர் என்றது அச்சட்டம்? உடல் அல்லது உளக் குறையினால், வாழ்க்கையின் அவசியங்களை முழுமையாகவோ ஓரளவோ தாமாகவே தேடிக்கொள்ள இயலாதவரை.

நெடுந்தீவுப் பையனை அந்த வரைவிலக்கணத்தின் முன்னே நிறுத்திப் பாருங்கள். தானாகவே உண்பான், உடுப்பான், நீந்துவான், படகும் ஓட்டுவான். "வாழ்க்கையின் அவசியங்களை" அவன் தேடிக்கொள்வானே என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுந்து சொன்னால் என்ன மறுமொழி? வாசிப்பும் இக்காலத்து வாழ்க்கையின் அவசியமே என்று நான் வாதாடுவேன், வெல்லவும் கூடும். ஆனால் ஏழைப் பிள்ளையின் உரிமை ஒரு சட்டத்தரணியின் வாதத்திறமையிலே தொங்கக்கூடாது.

பாக்கு நீரிணைக்கு அப்பால் பாருங்கள். இந்தியா 2016இல் இயற்றிய சட்டம், "குறிப்பிட்ட கற்றற் குறைபாடு" என்பதை வெளிப்படையாகவே பட்டியலிற் சேர்த்தது. அக்குறையை இளமையிலே கண்டறிந்து தக்க கற்பித்தல் வழிகளை மேற்கொள்வது கல்வி நிறுவனங்களின் கடமை என்று அதன் 16ஆம் பிரிவு கூறுகிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை பாடசாலைப் பிள்ளைகளிடையே கணக்கெடுப்பு நடத்தவேண்டும் என்று 17ஆம் பிரிவு விதிக்கிறது. இதற்குக் கால்நூற்றாண்டுக்கு முன்னே, 1991இல், சென்னையிலே பெற்றோரும் அக்கறையுள்ளோரும் கூடி மதராஸ் டிஸ்லெக்சியா சங்கம் கண்டனர். அவர்கள் போன்றோர் தட்டிய கதவுதான் பின்னர் திறந்தது. சட்டம் வானத்திலிருந்து விழுவதில்லை, அன்பர்களே, கேட்பவருக்கே கிடைக்கும்.

நம் கையிலும் ஆயுதம் இல்லாமலில்லை. நமது அரசியலமைப்பின் 12(4)ஆம் உறுப்புரை பிள்ளைகளுக்கும் வலுவிழந்தோருக்கும் விசேட ஏற்பாடு செய்ய அரசுக்கு இடமளிக்கிறது. 21ஆம் உறுப்புரை தேசிய மொழி இரண்டில் ஒன்றிலே கல்வி பெறும் உரிமையைத் தருகிறது. பிள்ளையின் கல்வியை நிர்ணயிக்கும் சோதனை அக்கல்வியின் பகுதியன்றோ? 22ஆம் உறுப்புரையின்படி வடக்கிலும் கிழக்கிலும் தமிழே நிருவாக மொழி. அவ்வாறிருக்க, ஒரு தமிழ்த் தகப்பனுக்கு அவன் பிள்ளையைப் பற்றிய அறிக்கை ஆங்கிலத்திலே கொடுக்கப்படுவதேன்? எல்லோருக்கும் சமமான கல்வி வாய்ப்பு என்று 27ஆம் உறுப்புரை பேசுகிறது. ஆனால் அதை நீதிமன்றத்தில் வலியுறுத்த முடியாது என்று 29ஆம் உறுப்புரை கையை விரிக்கிறது. ஆகவே அதனை மக்கள் மன்றத்தில்தான் வலியுறுத்தவேண்டும். வலுவிழந்தோர் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையையும் இந்நாடு 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிசெய்தது. உலகநாடுகளின் முன்னே கொடுத்த வாக்கை நெடுந்தீவிலே நிறைவேற்றட்டும்.

மூன்று சாக்குகள்

முதற்சாக்கு: "இதெல்லாம் மேல்நாட்டு நாகரிகம், நம் காலத்தில் இப்படி எதுவும் இருக்கவில்லை." இருந்தது, பெரியவரே. உங்களுடன் முதலாம் வகுப்பில் இருந்து மூன்றாம் வகுப்பில் மறைந்துபோனானே ஒரு தோழன், அவன் எங்கே போனான் என்று ஒருநாளாவது கேட்டீர்களா? மூக்குக்கண்ணாடியும் மேல்நாட்டிலிருந்துதான் வந்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டா பத்திரிகை படிக்கிறீர்கள்?

இரண்டாஞ்சாக்கு: "போரினாலும் இடப்பெயர்வினாலும் வந்த குழப்பம் இது, தானாக ஆறிவிடும்." 1990, 1991ஆம் ஆண்டுகளிலே தீவகமே வெறிச்சோடிற்று, பெற்றோர் பட்ட காயம் பிள்ளைகளிலும் தெரியக்கூடும். போர் நம் மக்கள் உள்ளத்திற் செய்த காயங்களை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் நூல்களாகவே எழுதிவைத்தார். ஆனால் இது சோதனை வேண்டும் என்பதற்கே காரணமாகும். பிள்ளையின் அமைதியின்மைக்கு அச்சம் காரணமா, பசியா, காதுக்குறையா, உறக்கமின்மையா, அல்லது பிறவிக்கோளாறா என்று பிரித்தறியாமல் மருந்து கொடுப்பது எப்படி?

மூன்றாஞ்சாக்கு: "பணமில்லை." தேர்தல் வந்தால் வாக்குப்பெட்டி கடல் கடந்து நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் போய் மீள்கிறது. அப்போது படகுக்கு எண்ணெய் இருக்கிறது. காவலுக்கு ஆள் இருக்கிறது. தவணைக்கு ஒருமுறை ஓர் உளவியலாளரையும் ஒரு விசேட கல்வி ஆசிரியரையும் அதே கடலால் அனுப்புவதற்கு மட்டும் பணமில்லையா?

மாகாணசபைக்குக் கல்வியும் சுகாதாரமும் பகிரப்பட்ட விடயங்கள். வடமாகாணசபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின் ஆண்டுகள் பல அது மக்கள் பிரதிநிதிகளின்றிக் கிடந்தது. அது பெரிய அநீதி. ஆனால் சபை இருந்த ஐந்தாண்டில் இப்பிள்ளைகளைப் பற்றி நாம் எத்தனை முறை கேட்டோம்? மேடையிலே மொழியுரிமை முழங்கிய என்போன்றோர், சோதனை அறையிலே அம்மொழிக்கு இடமுண்டா என்று எட்டிப்பார்க்கவில்லை. இக்குற்றச்சாட்டிலே நானும் எதிரியாக நிற்கிறேன்.

மறுபுறத்து ஆபத்தையும் மறைக்கமாட்டேன். பெற்றோரின் கலக்கத்தைக் காசாக்கும் வியாபாரமும் தலையெடுக்கக்கூடும். அரைமணி நேரத்தில் ஓர் இலக்கம், ஒரு பெயர், ஒரு பற்றுச்சீட்டு! கவனக்குறைவுக் கோளாற்றை இரத்தப் பரிசோதனையினாலோ ஒரே அமர்வினாலோ கண்டறியமுடியாது. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்னே தோன்றியிருக்கவேண்டும். ஆறு மாதமேனும் நீடித்திருக்கவேண்டும். வீடு, பள்ளி என இரண்டிடத்திலேனும் காணப்படவேண்டும். தாயைக் கேட்கவேண்டும், ஆசிரியரைக் கேட்கவேண்டும், பிள்ளையை அதன் இடத்திலே பார்க்கவேண்டும். இவை செய்யாமல் எழுதும் அறிக்கை செவிவழிச் சாட்சியம். மருந்து வேண்டுமெனின் வைத்தியரே தீர்மானிக்கவேண்டும். மருந்தைக் கண்டு அஞ்சவும் வேண்டாம், அதையே நம்பியிருக்கவும் வேண்டாம். முன்வாங்கிலே இடம், சிறுசிறு பகுதியாகப் பாடம், எழுத அதிக நேரம், வாய்மொழியாக விடை என்பன பணங்கொடுத்து வாங்கும் மருந்துகளல்ல.

நாம் கேட்பவை

1. தீவகக் கல்வி வலயத்திலே, தமிழில் சோதிக்கப் பயிற்சி பெற்ற உளவியலாளரும் விசேட கல்வி ஆசிரியரும் கொண்ட குழுவொன்று தவணைக்கு ஒருமுறையேனும் ஒவ்வொரு தீவுக்கும் செல்லவேண்டும். பிள்ளை கடல் கடக்கவேண்டாம். சோதனை கடல் கடக்கட்டும்.

2. கண், காது பரிசோதனை முதலில்; நுண்ணறிவுச் சோதனை பின்னர். இவ்வொழுங்கு மாறலாகாது.

3. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் கல்வித் திணைக்களமும் ஈழத்தமிழ்ப் பிள்ளைகளிடையே வாசிப்புச் சோதனையொன்றைத் தரப்படுத்தவேண்டும். தீவகத்துப் பிள்ளையும் வன்னிப் பிள்ளையும் மலையகப் பிள்ளையும் அந்தக் கணக்கிலே இருக்கவேண்டும்.

4. அறிக்கை தமிழிலே இருக்கவேண்டும். இலக்கத்தோடு நிற்காமல், நாளைக் காலை ஆசிரியரும் தாயும் என்ன செய்யவேண்டும் என்பதைக் கூறவேண்டும். மறுசோதனை கேட்கும் உரிமை பெற்றோருக்கு இருக்கவேண்டும்.

5. பரீட்சைகளில் மேலதிக நேரம் முதலிய சலுகைகளுக்கு அத்தாட்சி கேட்பவர்கள், அந்த அத்தாட்சியைத் தீவகத்துப் பிள்ளைக்கு இலவசமாகக் கிடைக்கச் செய்யவேண்டும்.

6. கற்றற் குறைபாடும் கவனக்குறைவுக் கோளாறும் சட்டத்தின் வரைவிலக்கணத்திலே வெளிப்படையாக எழுதப்படவேண்டும்.

இவை தாமாக வரமாட்டா. ஆசிரியரே, வைத்தியரே, எழுதுவினைஞரே, நீங்கள் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு கடிதம் எழுதுங்கள். உங்கள் வலயத்திலே உளவியலாளர் எத்தனை பேர், சென்ற ஆண்டு சோதிக்கப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர், எந்த மொழியில், எந்தச் சோதனையால் என்று கேளுங்கள். கமக்காரரே, கடற்றொழிலாளரே, உங்கள் பிள்ளையைப் பாடசாலை மறுத்தால் எழுத்திலே காரணம் கேளுங்கள். வாய்ச்சொல்லை ஏற்றுக்கொண்டு திரும்பாதீர்கள். யாழ்ப்பாணத்திலே மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அலுவலகம் உண்டு. அடிப்படை உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்தை நாட உங்களுக்கிருப்பது ஒரு மாதமே. அந்த மாதத்தை வெட்கத்திலே கழித்துவிடாதீர்கள். பிள்ளையின் குறையை மறைப்பது மானமன்று.

ஊர்காவற்றுறைக் கரம்பொனிலே 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகளார், இலங்கைப் பல்கலைக்கழகத்திலே கல்வித்துறை விரிவுரையாளராக இருந்தவர். தமிழை உலகமெங்கும் கொண்டுசென்றவர். அத்தகைய கல்விமானைத் தந்த தீவகத்திலே, தமிழ்ப் பிள்ளையொன்று தமிழிற் சோதிக்கப்படாத குறையினால் மூடனென்று பெயர்பெற்றுப் பள்ளியை விட்டு வெளியேறுவதா?

அந்தத் தகப்பனுக்கு நான் அன்று சொன்னது இதுதான்: "பொடியனைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, சனி ஞாயிறிலை. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கோ. மறிச்சால் எழுத்திலை தரச்சொல்லி வாங்கிக்கொண்டு வாங்கோ. மிச்சத்தை நான் பார்க்கிறன்."

அவர் எழுந்து கடதாசியை மறுபடி நாலாக மடித்தார். பையன் அதைத் தகப்பன் கையிலிருந்து வாங்கித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். தன்னைப் பற்றி எழுதிய, தன்னால் வாசிக்க இயலாத, தன் மொழியிலும் இல்லாத அந்தத் தீர்ப்பை அவன் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறான். அதை அவன் பையிலிருந்து எடுத்துக் கிழித்தெறியும் பொறுப்பு நம் எல்லோருடையது.